ஆசிரியர் சங்கமும் மாநிலத் தேர்தலும்
கலிபோர்ணியப் பல்கலைக்கழக வரலாறு பற்றிய ஓர் ஆய்வு

பண்டை நாளிற் புலவர்க்கு வாழ்வளித்தவர் மன்னர். மன்னன் முகம் மலரின் புலவன் வாழ்வு மலரும்; அம்முகம் திரியின் அவன் வேறோர் அரசவையை நாடி வழிநடப்பான். மக்களாட்சி நிலவும் இக்காலத்தில் முடியும் செங்கோலும் மறைந்தன. ஆயின், கற்றோர் தம் வாழ்வுக்குப் பிறர் கையை எதிர்நோக்கும் நிலை மறைந்திலது. மன்னன் இருந்த இடத்தில் இன்று வாக்காளன் இருக்கின்றான். பொதுப் பணத்தால் நடைபெறும் பல்கலைக்கழகத்திற் கற்பிக்கும் ஆசிரியனின் வேதனத்தையும், அவன் வகுப்பிலமரும் மாணவரின் தொகையையும், சிலபோது அவன் நாவின் உரிமையையுங்கூட, அவன் என்றுங் கண்டறியாத இலட்சக்கணக்கான வாக்காளர் ஒரே நாளில் முடிவுசெய்து விடுகின்றனர்.

இந்நிலையில், அரசாங்கப் பல்கலைக்கழக ஆசிரியர் தேர்தலினின்றும் விலகியிருத்தல் தகுமா, அன்றிச் சங்கமாகத் திரண்டு அதனுள் இறங்குதல் தகுமா என்னும் வினா எழுகின்றது. அரசியல் கலந்தாற் கல்வி மாசுறும் என்பார் ஒருசாரார். தன் வாழ்வை நிருணயிக்கும் இடத்தில் வாய்மூடி நிற்பது பேதைமை என்பார் மற்றொருசாரார். இதற்கு வெறுந் தருக்கத்தால் விடை காண்பதினும் வரலாற்றால் விடை காண்பதே சாலச் சிறந்தது. அமெரிக்க ஐக்கிய நாட்டின் மேற்குக் கரையிலுள்ள கலிபோர்ணியா மாநிலம் இவ்வாராய்ச்சிக்கு மிகவும் ஏற்றதாகும். அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் அங்கே பெருவளர்ச்சி பெற்றுள்ளன. அன்றியும், மக்கள் கையொப்பந் திரட்டிச் சட்டப் பிரேரணைகளைத் தாமே தேர்தலின் முன் வைக்கும் உரிமை 1911ஆம் ஆண்டு முதல் அம்மாநிலத்தில் நிலவி வருகின்றது. ஆகவே, கல்விக்கும் வாக்குக்கும் இடையிலான உறவை அங்குப்போல வேறிடத்திற் தெளிவாகக் காண்டல் அரிது.

நிருவாக அமைப்பு

கலிபோர்ணியாவில் அரசாங்கப் பல்கலைக்கழக அமைப்புகள் இரண்டு உள. முதலாவது, 1868இல் தாபிக்கப்பட்ட கலிபோர்ணியாப் பல்கலைக்கழகம். பேர்க்கிலி, லொஸ் ஏஞ்சலிஸ் முதலிய வளாகங்கள் இதனைச் சேர்ந்தவை. இரண்டாவது, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளாகத் தோன்றி, மாநிலக் கல்லூரிகளாக வளர்ந்து, பின்னர்க் கலிபோர்ணியா மாநிலப் பல்கலைக்கழகம் எனப் பெயர்பெற்ற அமைப்பு. இருபதுக்கு மேற்பட்ட வளாகங்களையும் நாலரை இலட்சத்துக்கு மேற்பட்ட மாணவரையும் உடையது இது. சாதாரண குடும்பங்களிலிருந்து வரும் பிள்ளைகளுட் பெரும்பாலார்க்குப் பட்டம் அளிப்பது இவ்விரண்டாவது அமைப்பே.

1879ஆம் ஆண்டின் மாநில அரசியலமைப்பு, முதலாவது பல்கலைக்கழகம் அரசியற் சார்பும் சமயச் சார்பும் அற்றதாக விளங்க வேண்டும் என விதித்தது. விதி இவ்வாறிருப்பினும் நடைமுறை வேறாயிற்று. பல்கலைக்கழகத்தை ஆளும் ஆட்சிக்குழுவினருட் பெரும்பாலாரை நியமிப்பவர் மாநில ஆளுநர். அக்குழுவின் தலைவரும் பதவி வழியால் அவரே. இரண்டாவது அமைப்பின் நம்பிக்கையாளர் சபையும் இத்தகையதே. ஆண்டுதோறும் இரண்டுக்கும் பணம் ஒதுக்குவது சக்கிறமென்ரோ நகரிற் கூடும் சட்டசபை. ஆளுநரையும் சட்டசபையினரையும் தெரிவுசெய்வோர் வாக்காளர். எனவே, பல்கலைக்கழக ஆசிரியனுக்குச் சம்பளப் பத்திரத்தில் ஒப்பமிடுபவர் வேந்தராயினும், அவனை உண்மையில் வேலைகொள்பவன் வாக்காளனே என்பது வெள்ளிடைமலை.

விசுவாசப் பிரமாணம்

இவ்வுண்மையைக் கலிபோர்ணிய ஆசிரியர் முதன்முதற் கசப்போடு உணர்ந்த காலம் 1949ஆம் ஆண்டாகும். உலகப்போர் முடிந்து, பொதுவுடைமை பற்றிய அச்சம் அமெரிக்கா எங்கணும் பரவிய காலம் அது. அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில், பொதுவுடைமைக் கட்சியைச் சார்ந்தவரல்லர் எனப் பேராசிரியர் ஒவ்வொருவரும் சத்தியஞ் செய்தல் வேண்டும் எனப் பல்கலைக்கழக ஆட்சிக்குழு பணித்தது. மறுத்தவருட் பெரும்பாலார் பொதுவுடைமையாளரல்லர். கற்பிப்பவன் ஒருவனைத் தகுதியால் அளத்தல் வேண்டுமேயன்றிச் சத்தியத்தால் அளத்தல் தகாது என்பதே அவர்தம் கொள்கை. உளவியலறிஞர் எட்வேட் ரோல்மன் இவர்களுள் முன்னின்றார். 1950 ஆகத்து மாதத்தில், 12 வாக்குகள் சார்பாகவும் 10 வாக்குகள் எதிராகவும் கிடைக்க, 31 ஆசிரியர் பதவிநீக்கம் பெற்றனர்.

அக்காலத்து ஆளுநர் ஏள் வொறன் இப்பதவிநீக்கத்தை எதிர்த்தவர். ஆயினும், அவ்வாண்டின் இறுதியில் அவர் மீண்டுந் தேர்தலை எதிர்நோக்கி நின்றார். தேர்தலுக்குச் சில வாரங்களின் முன்னர், மாநில ஊழியர் அனைவரும் பிரமாணஞ் செய்தல் வேண்டும் என்னும் சட்டத்துக்கு அவரே ஒப்பமிட்டார். 1952இல் மாநிலத்தின் உயர் நீதிமன்றம் ஆட்சிக்குழுவின் தனிப் பிரமாணம் செல்லாது எனத் தீர்ப்பளித்து, பதவியிழந்தோர் மீளும் வழியைத் திறந்தது. எனினும், மாநிலச் சட்டம் விதித்த பிரமாணம் 1967 வரை நிலைத்தது. ஆசிரியர் தரப்பின் நியாயத்தை உணர்ந்த ஆளுநராலும் தேர்தற் காற்றை எதிர்த்து நிற்க இயலவில்லை. ஆசிரியர்பால் அன்று விண்ணப்பங்கள் இருந்தன, கூட்டங்கள் இருந்தன, வாக்காளர் நடுவே சென்று வழக்குரைக்கும் அமைப்பு ஒன்றுமட்டும் இருந்திலது.

1966ஆம் ஆண்டுத் தேர்தல்

அடுத்த பத்தாண்டு வளமான காலம். 1960இல் ஆளுநர் பற் பிறவுண் காலத்தில் உயர்கல்விப் பெருந்திட்டம் சட்டமாயிற்று. உயர்பள்ளி மாணவருள் முதல் எட்டிலொரு பங்கினர்க்குப் பல்கலைக்கழகமும், முதல் மூன்றிலொரு பங்கினர்க்கு மாநிலக் கல்லூரிகளும், ஏனையோர்க்கு இருவருடக் கல்லூரிகளும் இடமளிக்க, மாநிலத்துப் பிள்ளைகள் கற்பித்தற் கட்டணமின்றிக் கற்கும் நெறி வகுக்கப்பட்டது. இதன் சிற்பி பல்கலைக்கழகத் தலைவராயிருந்த கிளார்க் கேர். உலகின் பல நாடுகளும் இத்திட்டத்தை வியந்து நோக்கின.

ஆயின், வளாகங்களில் எழுந்த அமைதியின்மை வாக்காளர் மனத்தை மாற்றியது. 1964இற் பேர்க்கிலியிற் பேச்சுரிமை இயக்கம் தோன்றியது. திசெம்பர் மாதத்தில் ஏறத்தாழ 800 மாணவர் கைதாயினர். ஆசிரியர் பேரவை 824 வாக்குகளுக்கு 115 என்னும் பெரும்பான்மையால் மாணவரின் பேச்சுரிமைக்குச் சார்பான தீர்மானத்தை நிறைவேற்றியது. வளாகத்தினுள்ளே இஃது ஒரு பெருவெற்றி. வளாகத்துக்கு வெளியேயோ வேறொரு கணக்கு நடைபெற்றது. திரைப்பட நடிகராயிருந்த றொனால்ட் றீகன், பேர்க்கிலியின் ஒழுங்கீனத்தைத் துப்புரவாக்குவதாகக் கூறி 1966ஆம் ஆண்டின் ஆளுநர் தேர்தலிற் போட்டியிட்டார். பற் பிறவுண் ஏறத்தாழப் பத்து இலட்சம் வாக்குகளாற் தோல்வியுற்றார். புதிய ஆளுநர் பதவியேற்ற அதே மாதத்தில், 1967 சனவரி 20ஆந் திகதி, ஆட்சிக்குழு கிளார்க் கேரைப் பதவியினின்றும் நீக்கியது.

ஆசிரியர் பேரவையில் 824 வாக்குப் பெற்ற கொள்கை, மாநிலமெங்கும் நிகழ்ந்த தேர்தலில் ஏன் தோற்றது? பேர்க்கிலியில் நிகழ்ந்தது யாது என்பதைத் தொலைக்காட்சி வழியாகவும் தேர்தல் மேடை வழியாகவுமே வாக்காளர் அறிந்தனர். ஆசிரியர் வாய்மொழியாக அறிந்தவர் மிகச் சிலர். கற்றோர் தம்முட் பேசித் தம்முள்ளேயே உடன்பட்டிருந்தனர். வரி செலுத்தும் குடியானவனிடத்தும் தொழிலாளியிடத்தும் சென்று பேசினாரல்லர்.

சான் பிரான்சிஸ்கோ வேலைநிறுத்தம்

1968 நவம்பரிற் சான் பிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரி மாணவர் வகுப்புகளைப் பகிட்கரித்தனர். கறுப்பின மாணவரும், ஆசிய, இலத்தீன் அமெரிக்க, ஆதிக்குடி மரபினரும் ஒருங்கிணைந்து, தத்தம் மக்களின் வரலாற்றையும் பண்பாட்டையும் கற்பிக்கும் தனித்துறைகள் வேண்டும் எனக் கோரினர். 1969 சனவரியில் அக்கல்லூரியின் ஆசிரியர் தொழிற்சங்கமும் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. கற்பித்தற் சுமை, முறைப்பாடுகளை விசாரிக்கும் ஒழுங்கு முதலியன பற்றிய சொந்தக் கோரிக்கைகளும் அவர்க்கிருந்தன. ஆனால், அச்சங்கத்தோடு பேரம் பேசும் சட்டக் கடப்பாடு நம்பிக்கையாளர் சபைக்கு இருந்திலது.

மார்ச்சு மாதத்திற் போராட்டம் முடிவுற்றது. அவ்வாண்டின் பிற்பகுதியில் இனவியற் கல்விக்கான கல்லூரி ஒன்று அங்கே தோன்றியது. மாணவர்க்கு இஃது ஆதாயமே. ஆசிரியர் சங்கம் பெற்ற ஊதியம் மிகச் சிறிது. தேர்தற் களத்திற் பயன்பெற்றவரோ வேறொருவர். கல்லூரித் தலைவராயிருந்த மொழியியலறிஞர் ஹயகாவா, மாணவரின் ஒலிபெருக்கி வண்டியில் ஏறி அதன் கம்பிகளைப் பிடுங்கிய காட்சி வீடுதோறும் தொலைக்காட்சியிற் காணப்பட்டது. 1976இல் அவர் அம்மாநிலத்தின் சார்பில் ஐக்கிய அமெரிக்கச் செனற் சபைக்குத் தெரிவானார். வேலைநிறுத்தம் வகுப்பறையை மூட வல்லது. வாக்காளன் மனத்தைத் திறக்க அது மட்டும் போதாது என்பதை இந்நிகழ்ச்சி நன்கு உணர்த்தும்.

1978: ஈந்த கையும் எடுத்த கையும்

இவ்வரலாற்றின் நடுநாயகமாக விளங்குவது 1978ஆம் ஆண்டு. ஒன்றுக்கொன்று மாறான இரு நிகழ்ச்சிகள் அவ்வொரே ஆண்டில் நிகழ்ந்தன.

சூன் மாதத்தில் 13ஆம் பிரேரணை வாக்காளர் முன் வந்தது. வீடு, காணி ஆகியவற்றின் விலையேற்றத்தால் ஆதன வரி ஆண்டுதோறும் உயர, முதியோரும் நடுத்தர வருவாயினரும் தத்தம் வீடுகளை இழக்க நேருமோ என அஞ்சினர். ஹாவேட் ஜாவிஸ் என்பார் முன்னின்று நடத்திய இயக்கம் அவ்வச்சத்துக்கு உருக்கொடுத்தது. ஆதன வரி சொத்தின் பெறுமதியில் நூற்றுக்கு ஒன்று என்னும் எல்லைக்குள் அடக்கப்பட்டது. மாநில வரிகளை உயர்த்துதற்குச் சட்டசபையின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கினரின் உடன்பாடு வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. வாக்களித்தோருள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் இதனை ஆதரித்தனர். ஆதன வரி வருவாய் பாதிக்கு மேல் வீழ்ந்தது. பாடசாலைகளையும் உள்ளூராட்சிச் சபைகளையும் தாங்கும் சுமை மாநிலத் திறைசேரியின் மேல் வந்து விழ, பல்கலைக்கழகங்கள் அதே திறைசேரியின் வாயிலிற் போட்டிக்கு நிற்க வேண்டியனவாயின.

அதே ஆண்டில், பற் பிறவுணின் மைந்தரும் அப்போதைய ஆளுநருமாகிய ஜெரி பிறவுண் உயர்கல்வி ஊழியர் உறவுச் சட்டத்துக்கு ஒப்பமிட்டார். 1979 சூலை முதல் அது நடைமுறைக்கு வந்தது. பல்கலைக்கழக ஆசிரியர் தமக்கெனச் சங்கமொன்றைத் தெரிவுசெய்து, வேதனம் வேலைநிலை ஆகியன பற்றிக் கூட்டுப் பேரம் நடத்தும் உரிமையை இச்சட்டம் வழங்கியது. ஆயின், அச்சட்டத்தினுள்ளேயே ஒரு நுட்பம் அமைந்திருந்தது. பணம் வேண்டப்படும் உடன்படிக்கை எதுவும் சட்டசபை பணம் ஒதுக்கினாலன்றி நிறைவேறாது. சட்டசபை முழுத்தொகையையும் ஒதுக்காதவிடத்து அவ்வுடன்படிக்கை மீளவும் பேச்சுவார்த்தைக்குச் செல்லும்.

இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து நோக்கின் உண்மை புலப்படும். விருந்துக்கு அமரும் உரிமையை ஒரு கை ஈந்தது. இலையிலிட வேண்டிய அன்னத்தை மறுகை எடுத்துக்கொண்டது. அன்னம் இருக்குமிடம் வேந்தரின் அலுவலகமன்று, சட்டசபையாகும். அதற்கும் அப்பால் வாக்குப் பெட்டியாகும். ஆசிரியர் சங்கம் தேர்தலில் இறங்கியது அரசியல் வேட்கையாலன்று; சட்டமும் வரியும் அமைத்த வழி அதுவொன்றே யாதலின் ஆகும்.

சங்கத்தின் தேர்தற் பணி

பேர்க்கிலி முதலிய ஆராய்ச்சி வளாகங்களின் பேராசிரியர் பெரும்பாலும் தம் பேரவையோடு அமைந்தனர். அவருட் சாந்தா குறூஸ் வளாகத்தினரே பேரம்பேசும் சங்கத்தை ஏற்றனர். மாநிலப் பல்கலைக்கழக ஆசிரியரோ 1980களின் தொடக்கத்தில் இரு சங்கங்களுக்கிடையே நிகழ்ந்த மிகக் கடும் போட்டியின் பின்னர், கலிபோர்ணிய ஆசிரியர் சங்கம் எனப் பின்னர் அறியப்பட்ட அமைப்பைச் சொற்ப வாக்கு வித்தியாசத்தாற் தெரிவுசெய்தனர். முதலாவது உடன்படிக்கை 1983இல் உருவாயிற்று. பேராசிரியர் மட்டுமன்றித் தற்காலிக விரிவுரையாளர், நூலகர், மாணவர் ஆலோசகர், விளையாட்டுப் பயிற்சியாளர் ஆகியோரும் இச்சங்கத்தின் பேரப் பிரிவுக்குள் அடங்குவர்.

இச்சங்கத்தின் தேர்தற் பணி பலவகைப்படும். வேட்பாளரிடம் வினாக்கொத்தை அனுப்பி அவர்தம் கல்விக் கொள்கையை அறிதல், நேர்முகங் கண்டபின் ஆதரவு வழங்குதல், உறுப்பினர் விரும்பியளிக்கும் தனிநிதியைத் தேர்தற் செலவுக்குப் பயன்படுத்தல், தொலைபேசி வாயிலாகவும் வீடுவீடாகவும் வாக்காளரைச் சந்தித்தல், மாணவரை வாக்காளர் இடாப்பிற் பதியத் தூண்டுதல், வரவு செலவுத் திட்டம் ஆராயப்படும் காலத்தில் சக்கிறமென்ரோ சென்று சட்டசபையினரைக் காணுதல் என்பன அவற்றுட் சில. இவற்றுக்கு ஓர் எல்லையும் உண்டு. பொதுப் பணத்தைத் தேர்தற் பிரசாரத்துக்குப் பயன்படுத்துதல் கூடாது என 1976இல் மாநிலத்தின் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே, பல்கலைக்கழகத்தின் கடிதத்தாளும் கருவிகளும் பணி நேரமும் தேர்தலுக்கு விலக்கப்பட்டவை. ஆசிரியன் குடிமகனாக வாய்திறப்பதற்குச் சங்கமே சிறந்த வாயிலாக அமைந்தது இதனாலாகும்.

வெற்றியும் தோல்வியும்

1988இல் 98ஆம் பிரேரணை மிகச் சிறிய பெரும்பான்மையால் வெற்றிபெற்றது. மாநிலப் பொது வருவாயில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பங்கைப் பாடசாலைகளுக்கும் இருவருடச் சமூகக் கல்லூரிகளுக்கும் உறுதிசெய்தது அது. பாடசாலை ஆசிரியரின் பெருஞ்சங்கம் அதற்குப் பெருந்துணை நின்றது. நான்கு வருடப் பல்கலைக்கழகங்களுக்கோ அவ்வுறுதியில் இடமில்லை. காவலிட்ட வயலுக்கும் காவலற்ற வயலுக்கும் உள்ள வேறுபாடு வரட்சிக் காலத்திலேயே தெரியவரும். 1990களின் தொடக்கத்தில் மாநிலப் பொருளாதாரம் வீழ்ச்சியுற்றபோது வெட்டு பல்கலைக்கழகங்களின் மேல் விழுந்தது. கட்டணங்கள் உயர்ந்தன. 1992இற் சான் டியேகோ வளாகத்தில் ஒன்பது துறைகளை மூடவும், நிரந்தரப் பதவி பெற்ற பேராசிரியரையும் நீக்கவும் திட்டமிடப்பட்டது. கடும் எதிர்ப்பினால் அத்திட்டம் கைவிடப்பட்டதாயினும், நிரந்தரப் பதவி என்னும் சொல்லின் உறுதி எத்துணைத்து என்பதை ஆசிரியர் அன்று அறிந்துகொண்டனர்.

1998 நவம்பரில் நடந்த தேர்தலிற் கிரே டேவிஸ் ஆளுநரானார். பதினாறு ஆண்டுகளாக ஆளுநர் பதவியை வகித்த குடியரசுக் கட்சி அதனை இழந்தது. அடுத்த ஆண்டிலேயே, சங்கத்திற் சேராது அதன் பேரத்தாற் பயன்பெறும் ஆசிரியரும் பேரச் செலவின் பங்கைச் செலுத்தவேண்டும் என்னுஞ் சட்டம் நிறைவேறியது. சங்கம் பொருளாற் பலம்பெற்றது. தேர்தல் தந்த அப்பேற்றைப் பிறிதொரு தேர்தலாற் பறிக்க எண்ணியோரும் உளர். 2003இல் வாக்காளர் டேவிசைத் திருப்பியழைத்து ஆர்னோல்ட் சுவாட்செனகரை ஆளுநராக்கினர். 2005 நவம்பரில் அவர் கூட்டிய விசேட தேர்தலில், அரசாங்க ஊழியர் சங்கங்கள் உறுப்பினர் ஒவ்வொருவரின் எழுத்துமூல இணக்கமின்றி அரசியலுக்குப் பணஞ் செலவிடலாகாது என்னும் 75ஆம் பிரேரணை முன்வைக்கப்பட்டது. ஆசிரியரும் தாதியரும் தீயணைக்கும் படையினரும் ஒருங்கு நின்று எதிர்த்தனர். அவ்விசேட தேர்தலில் இடம்பெற்ற எட்டுப் பிரேரணைகளும் தோல்வியுற்றன. எனினும், 2018இல் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் ஜானஸ் வழக்கிற் கூறிய தீர்ப்பினால், சங்கத்திற் சேராதோரிடம் கட்டாயமாகப் பங்குபெறும் முறை நாடெங்கணும் ஒழிந்தது. தேர்தல் வழியாகப் பறிக்க இயலாததை நீதிமன்றம் பறித்தது.

சங்கத்தின் தேர்தற் பணிக்கு உச்சமாக அமைந்தது 2012ஆம் ஆண்டாகும். அதற்கு முந்திய ஆண்டுகள் துயர் மிக்கவை. 2009இல் ஆசிரியர் மாதம் இரு நாள் ஊதியமின்றி நிற்க உடன்பட்டுப் பத்திலொரு பங்கு வேதனத்தை இழந்தனர். உறுப்பினருள் ஏறத்தாழப் பாதியினர் இதனை எதிர்த்தே வாக்களித்தனர். மாணவர் கட்டணமோ ஆண்டுதோறும் உயர்ந்தது. 2011 நவம்பரில் இரண்டு வளாகங்களில் ஒருநாள் வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. அவ்வேளை மீண்டும் ஆளுநராயிருந்த ஜெரி பிறவுண், 2012 நவம்பர்த் தேர்தலில் 30ஆம் பிரேரணையை மக்கள் முன் வைத்தார். விற்பனை வரியை நான்கு ஆண்டுக்குக் காற்பங்கு விழுக்காடும், பெருஞ்செல்வரின் வருமான வரியை ஏழாண்டுக்கும் உயர்த்துவது அது. அது தோல்வியுறின் இரு பல்கலைக்கழக அமைப்புகளும் ஒவ்வொன்றும் 250 மில்லியன் டொலரை இழக்கும். வெற்றிபெறினோ, மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவ்வாண்டு உயர்த்தப்பட்ட கட்டணம் பழைய நிலைக்குத் திரும்பி, மாணவர் பணம் மீளளிக்கப்படும்.

இங்கேதான் ஆசிரியரின் நலனும் மாணவரின் நலனும் ஒரே வாக்குச் சீட்டில் அமைந்தன. அவ்வாண்டு செத்தெம்பரில் இணைய வழியாக வாக்காளராய்ப் பதியும் வசதியும் தொடங்கப்பெற்றது. ஆசிரியரும் மாணவரும் வளாகங்களிலும் தெருக்களிலும் உழைத்தனர். நூற்றுக்கு 55 வாக்குகளாற் பிரேரணை வென்றது. 1978இல் வரியை வெட்டிய அதே மாநிலம், அதே ஆளுநரின் காலத்தில், 34 ஆண்டுகளின் பின்னர் வரியை உயர்த்தத் தானே இசைந்தது. எங்கள் வேதனத்தை உயர்த்துங்கள் என்று மட்டும் ஆசிரியர் கேட்டிருப்பின் இவ்வெற்றி கிட்டியிருக்குமோ என்பது ஐயத்துக்குரியது.

மறுப்பும் ஆராய்ச்சியும்

தேர்தலில் ஆசிரியர் சங்கம் இறங்குதலை மறுப்போர் கூறும் நியாயங்களும் புறக்கணிக்கற்பாலன அல்ல. முதலாவது, ஆசிரியர் அனைவரும் ஒரே கருத்தினர் அல்லர். கல்வியிலும் அரசாங்க வேலையிலும் இனவழிச் சலுகை கூடாதென 1996இல் நிறைவேறிய 209ஆம் பிரேரணையை வரைந்தோருள் ஒருவரான கிளின் கஸ்ரெட், மாநிலப் பல்கலைக்கழகத்தின் மானிடவியற் பேராசிரியராயிருந்தவர். அவரையொத்தோர் சங்கத்தின் ஆதரவுத் தீர்மானங்களில் தம் குரல் ஒலிக்கவில்லை எனக் குறைகூற இடமுண்டு.

இரண்டாவது, சட்டசபையின் துணையை நாடுவோர் அதன் தலையீட்டையும் உடன் அழைக்கின்றனர். 1968இல் மாணவர் கோரிய இனவியற் கல்வியை, மாநிலப் பல்கலைக்கழகத்திற் பட்டம் பெறுவோர் அனைவரும் ஒரு பாடமாகக் கற்றல் வேண்டும் என 2020இல் ஒரு சட்டம் விதித்தது. அதனைக் கொணர்ந்த சேர்லி வெபர், சான் டியேகோ வளாகத்தில் நெடுங்காலம் ஆபிரிக்க மரபினர் பற்றிய துறையிற் கற்பித்து, 2012இற் சட்டசபைக்குத் தெரிவானவர். 2021 முதல் மாநிலச் செயலாளராகித் தேர்தல்களை நடத்தும் பொறுப்பையும் ஏற்றவர். ஆசிரியர் சங்கம் இச்சட்டத்துக்கு முழுமனத்தோடு துணைநின்றது. பல்கலைக்கழக நிருவாகமும் ஆசிரியர் பேரவையுமோ, பாடத்திட்டம் வகுத்தல் கற்றோர்க்குரிய பணி, சட்டசபைக்குரியதன்று என வாதாடின. பாடத்தின் நன்மையை ஒப்புவோரும் இவ்வாதத்தின் வலிமையை மறுத்தல் அரிது. இன்று நல்லதொரு பாடத்தைச் சேர்க்கத் திறந்த கதவு, நாளை வேறொருவர் ஒரு பாடத்தை நீக்கவும் திறந்தேயிருக்கும்.

மூன்றாவது, தேர்தலால் வந்தது தேர்தலாற் போகும். இதற்கு விஸ்கொன்சின் மாநிலம் சான்றாகும். அங்கே 2009இற் பல்கலைக்கழக ஆசிரியர் கூட்டுப் பேர உரிமையைப் பெற்றனர். 2010 நவம்பரில் ஸ்கொற் வோக்கர் ஆளுநராகத் தெரிவாக, 2011 மார்ச்சில் அவ்வுரிமை முற்றாக நீங்கியது. பெருந்திரளான மக்கள் தலைநகரிற் கூடிக் கிளர்ந்தும், 2012 சூனில் அவரைத் திருப்பியழைக்கும் தேர்தல் நிகழ்ந்தும், அவரே மீண்டும் வென்றார். 2015இல் ஆசிரியரின் நிரந்தரப் பதவிக்கு மாநிலச் சட்டத்தில் இருந்த பாதுகாப்பும் அகன்றது. முப்பதாண்டுக்கு மேல் வேரூன்றிய கலிபோர்ணிய உரிமையையும் இரண்டாண்டே நின்ற விஸ்கொன்சின் உரிமையையும் ஒப்பிட்டு நோக்குவோர், சட்டம் எழுதப்பட்ட தாளினும் அதனைத் தாங்கும் மக்கள் மனமே வலிது என்பதை உணர்வர்.

இம்மறுப்புகள் யாவும் உண்மையாயினும், அவை விலகியிருத்தலுக்கு நியாயமாகா. 1950இலும் 1966இலும் ஆசிரியர் தேர்தலினின்றும் விலகியே இருந்தனர். தேர்தல் அவர்களை விட்டு விலகியதில்லை. 2024 சனவரி 22ஆந் திகதி நிகழ்ந்ததும் இதனையே மெய்ப்பிக்கும். அன்று மாநிலப் பல்கலைக்கழகத்தின் வளாகங்கள் அனைத்திலும் ஆசிரியர் வேலைநிறுத்தத்தைத் தொடங்கினர். ஒரு வாரத்துக்கெனத் திட்டமிட்ட போராட்டம் அன்றிரவே உடன்பாட்டில் முடிந்தது. நூற்றுக்கு ஐந்து வேதன உயர்வு முன்தேதியிட்டு வழங்கப்பட்டது. அடுத்த சூலையில் வரவேண்டிய மற்றோர் ஐந்து விழுக்காட்டுக்கு ஒரு நிபந்தனை இணைந்திருந்தது. மாநிலம் தன் அடிப்படை ஒதுக்கீட்டைக் குறைக்காதிருத்தல் வேண்டும் என்பதே அது. 1978ஆம் ஆண்டுச் சட்டத்தில் மறைந்து கிடந்த நுட்பம் 46 ஆண்டுகளின் பின்னரும் உடன்படிக்கையின் கடைசி வரியில் தலைகாட்டியது.

முடிவுரை

இவ்வரலாற்றினின்றும் தெளியற்பாலன மூன்று. பொதுப் பணத்தால் வாழும் பல்கலைக்கழகம் வாக்காளனை மறந்து வாழ்தல் இயலாது என்பது ஒன்று. வாக்காளனிடம் பெற்ற வரம் அவன் மனம் மாறும் வரையிலுமே நிற்கும் என்பது மற்றொன்று. ஆசிரியனின் நலனை மாணவனின் நலனோடு பிணைத்துக் காட்டும்போதே அம்மனம் எளிதிற் கனியும் என்பது மூன்றாவது. 1969இன் வேலைநிறுத்தத்தால் ஆசிரியர்க்குக் கிட்டாதது 2012இன் தேர்தலாற் கிட்டியமை இம்மூன்றாவதன் பயனாகும்.

பண்டைப் புலவன் மன்னனிடம் பரிசில் வேண்டி மட்டும் சென்றிலன். வேண்டியபோது அவனை இடித்துரைக்கவும் சென்றான். அதனாலேயே அவன் சொல்லுக்கு அவையில் மதிப்பிருந்தது. வாக்காளனாகிய புதிய மன்னன் முன் செல்லும் ஆசிரியர் சங்கமும் பரிசில் கேட்கும் வாயோடு மட்டும் செல்லுமாயின், அதனை இன்னுமோர் இரவலர் கூட்டமாகவே அவன் எண்ணுவான். நாட்டின் பிள்ளைகட்குக் கல்வி ஏன் வேண்டும், அதற்கு வரி ஏன் வேண்டும், கற்பிப்பவன் நா ஏன் கட்டற்றிருத்தல் வேண்டும் என அவனுக்கு விளங்க உரைக்கும் நாவோடு செல்லுமாயின், அதுவும் கற்பித்தற் பணியே ஆகும்.